சூரியனிற் காணும் கரும்புள்ளிகளும் குடியானவர் கணக்கும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் நின்று மேற்கே நோக்குவோர்க்குப் பழநி மலைத்தொடர் நீல நிறச் சுவர்போலத் தோன்றும். அம்மலைமேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,700 அடி உயரத்தில், கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடம் அமைந்திருக்கிறது. மேகம் மறைக்காத நாட்களிலெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வைப்பது அதன் நித்திய வேலை. கிணற்றையும் வானத்தையும் நம்பிச் சமவெளியில் பயிரிடும் குடியானவர்க்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும். அக்கூடம் தோன்றியதற்கே ஒரு பெரும் பஞ்சம் காரணமாயிருந்தது என்பதை அறிந்தால், இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதாகும்.

பஞ்சமும் ஆராய்ச்சிக்கூடமும்

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் மக்கள் மாண்டனர். அக்காலத்தில், 1877-ஆம் ஆண்டு, டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்பவர் சென்னை நகரின் மழைக்கணக்கை ஆராய்ந்து, சூரியனிற் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று எழுதினார். அது மெய்யானால், பஞ்சம் வருவதை முன்கூட்டியே அறிந்து தானியம் சேமிக்கலாம் அன்றோ! பஞ்ச விசாரணைக் கமிஷனாரும் சூரியனை ஆராய்வது பருவமழையை அறிய உதவும் என்று கருதினர். 1895-ல் கோடைக்கானலில் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. மிக்கி ஸ்மித் என்பார் முதல் தலைவரானார். 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்றும் அங்கே வரிசையாய்ப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

கரும்புள்ளி என்பது யாது?

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி உஷ்ணம் உடையது. அதில் சிற்சில இடங்களில் காந்த சக்தி மிகுந்து, உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கின்றது. அவ்விடங்கள் சுற்றுப்புறத்தினும் உஷ்ணம் குறைந்திருப்பதால் கருமையாய்த் தோன்றுகின்றன. உண்மையில் அவையும் ஒளி வீசுவனவே. பெரும் புள்ளி ஒன்றினுள் நம் பூமியையே வைத்துவிடலாம். 1909-ல் கோடைக்கானலில் ஜான் எவர்ஷெட் என்பவர், புள்ளிகளின் ஓரங்களில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். அவ்வோட்டம் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

புள்ளிகள் பெருகுவதும் அருகுவதும் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்கின்றன. இதனை முதலிற் கண்டவர் பெரிய வானசாஸ்திரி அல்லர். ஜெர்மனி தேசத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஷ்வாபே என்பவர். 1826 முதல் 17 ஆண்டுகள், வானம் தெளிந்த நாளெல்லாம் புள்ளிகளை எண்ணிக் குறித்துவந்து 1843-ல் இதனை வெளியிட்டார். அவரிடம் இருந்தவை ஒரு சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் தளராத ஒழுங்குமே.

புதிய சுழற்சியின் முதற்குறி

ஒரு சுழற்சி முடிந்து மற்றொன்று தொடங்குங்காலம் உற்றுநோக்குவோரின் பொறுமையைச் சோதிக்கும். பல நாட்கள், சில வேளை பல வாரங்கள், சூரியன் மாசின்றியே இருக்கும். பின்னர் சிறு புள்ளி ஒன்று தோன்றும். அது பழைய சுழற்சியின் கடைக்குட்டியா, புதியதன் தலைப்பிள்ளையா என்பதை இரண்டு குறிகளால் அறியலாம்.

முதலாவது இடம். பழைய சுழற்சியின் கடைசிப் புள்ளிகள் சூரியனின் நடுக்கோட்டை ஒட்டித் தோன்றும். புதியவையோ வடக்கிலும் தெற்கிலும் 30 டிகிரி அளவு விலகித் தோன்றி, ஆண்டுகள் செல்லச் செல்ல நடுக்கோட்டை நெருங்கும். இரண்டாவது காந்த முனைகளின் வரிசை. இணையாய் வரும் புள்ளிகளில் முந்திச் செல்வது வடமுனையாயின் பிந்துவது தென்முனை. புதிய சுழற்சியில் இவ்வரிசை தலைகீழாய் மாறிவிடும். இதனை ஆராய்ச்சிக்கூடத்துக் கருவிகளே காட்ட வல்லன.

இருவகைப் புள்ளிகளும் சில மாதங்கள் கலந்தே தோன்றுமாதலால், தொடக்க மாதம் எதுவென்று உடனே தீர்மானித்தல் இயலாது. 25-ஆவது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. ஆயின் அது 2020 செப்டம்பரில்தான் உறுதியாய் அறிவிக்கப்பட்டது. அதன் உச்சம் 2024-ல் நிகழ்ந்தது. அடுத்த சுழற்சி 2030-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குமென எதிர்பார்க்கப்படுகிறது. கிராமப் பள்ளிகள் இப்போதே நோட்டுப் புத்தகம் தொடங்கிப் பழகினால், அக்காலத்தில் பிள்ளைகள் கைதேர்ந்திருப்பர்.

பார்க்கும் முறை

சூரியனை நேரே பார்த்தல் ஒருபோதும் கூடாது. புகைபிடித்த கண்ணாடி, பழைய பிலிம், சாணி கரைத்த நீரில் தெரியும் பிம்பம் ஆகிய எவையும் பாதுகாப்பானவையல்ல. விழியின் உட்திரைக்கு நோவு தெரியாது; வெந்தபின்னரே பார்வை போனது புலப்படும்.

கூரை ஓட்டின் சிறு துவாரம் வழியே தரையில் விழும் வட்டமான ஒளியைக் காணாதவர் இலர். அது சூரியனின் பிம்பமே. இதனையே கருவியாக்கலாம். சிறு கண்ணாடி ஒன்றைக் காகிதத்தால் மூடி, காகிதத்தில் 1/8 அங்குலத் துவாரமிட்டு, வெயிலில் அசையாமல் வைத்து, ஒளியை இருண்ட அறைக்குள் திருப்பி வெள்ளைக் காகிதத்தில் விழச் செய்க. தூரத்தில் 108-ல் ஒரு பங்கு பிம்பத்தின் அகலமாகும். 9 அடியில் 1 அங்குலமும், 27 அடியில் 3 அங்குலமும் கிடைக்கும். நீண்ட பள்ளிக்கூட அறையோ, சங்கத்தின் காலிக் கிட்டங்கியோ இதற்கு ஏற்றது. ஒருவரும் அக்கண்ணாடியையே உற்றுப் பார்க்காதவாறு ஆசிரியர் காவல் நிற்றல் வேண்டும்.

இம்முறையில் மிகப் பெரிய புள்ளிக் கூட்டங்களே மங்கலாய்த் தெரியும். சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியின் ஒளியைக் காகிதத்தில் விழச்செய்தால் சிறியனவும் தெரியும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே அளவான வட்டத்தில், புள்ளி இருந்த இடத்தைக் குறித்துவருக. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், ஓரத்தில் தோன்றிய புள்ளி சுமார் 13 நாட்களில் மறு ஓரத்தை அடைந்து மறையும். புள்ளி இல்லாத நாளிலும் ‘இல்லை’ என்று எழுதுதல் வேண்டும். மழைமானி வைத்திருப்பவர் மழையற்ற நாளில் சுழியம் எழுதுவதுபோல் இதுவும் கணக்கே. எழுதாது விட்ட நாள் எதற்கும் உதவாது.

மழைக்குச் சோதிடமா?

ஹண்டரின் நம்பிக்கை நிறைவேறியதா? 1904 முதல் இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், புள்ளிக் கணக்கையும் மழைக்கணக்கையும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிது என்று 1915-ல் காட்டினார். புள்ளிகள் மிகுந்தாலும் குறைந்தாலும் சூரியன் தரும் வெப்பம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மாறுகின்றது. எனவே, புள்ளி குறைந்தது, மழை பொய்க்கும் என்று எவரேனும் சொல்லக் கேட்டு விதைப்பை நிறுத்துவதும், புள்ளி மிகுந்தது என்று துணிந்து கடன் வாங்குவதும் தவறாகும்.

ஆயினும் ஆராய்ச்சி வீண்போகவில்லை. சூரியனில் எழும் காந்தப் புயல் வானொலியையும் மின்சாரக் கம்பிகளையும் தாக்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் இருளில் மூழ்கியது இதனாலேயே. கோடைக்கானலின் நூற்றாண்டுப் படங்கள் இத்தகைய ஆராய்ச்சிக்கு உலகெங்கும் பயன்படுகின்றன.

பஞ்சத்தினின்று குடியானவரைக் காக்கும் வழிவேறு ஒன்றும் அதே காலத்தில் வகுக்கப்பட்டது. மலையில் அஸ்திவாரக்கல் நாட்டிய 1895-லேயே, பிரடெரிக் நிக்கல்ஸன் கிராமக் கடன் சங்கங்களைப்பற்றிய தம் அறிக்கையின் முதற்பகுதியை வெளியிட்டார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. மழை எந்த ஆண்டு தவறும் என்பதை மலைமேல் உள்ளோராலும் சொல்ல முடியவில்லை. ஆதலால், தவறும் ஆண்டைத் தாங்குவதற்கான சேமிப்பை விளைந்த ஆண்டிலேயே சங்கத்தில் வைப்பது அவசியம். சூரியனைப் பிள்ளைகள் பள்ளியில் குறித்து வரட்டும். மழையையும் கிணற்று நீர்மட்டத்தையும் பெரியோர் ஊரில் குறித்து வரட்டும். இரண்டு நோட்டுகளும் ஒரே அலமாரியில் இருக்கத் தக்கவையே.