அடைமழையும் அடங்காத லாப்ரடாரும்

கேள்வி: ஐப்பசி மழையில் நடைக்குக் கூட்டிப்போக முடியவில்லை. எங்கள் ஒன்றரை வயது லாப்ரடார் சோபாவைக் குதறுகிறான். என்ன செய்ய?
– வாசகி, வேளச்சேரி

பதில்: ஓட வழியில்லையா, மோப்பம் பிடிக்க விடுங்கள். காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காதீர்கள். உலர்தீவனத்தைப் பழைய துண்டில் சுருட்டியும் அட்டைப்பெட்டிகளில் போட்டும் அறை அறையாக ஒளித்து வையுங்கள். மூக்கால் தேடுகிற வேலை நாயை நன்றாகவே களைக்க வைக்கும். பிறகு கயிறு இழுக்கலாம், 'விடு' என்றால் விட வேண்டும், அதுதான் நிபந்தனை (சோபாவுக்கும் இது உதவும்!). வழுக்கும் டைல்ஸ் தரையில் பந்து எறிய வேண்டாம். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்துக்கு எளிதில் வரும். லேசர் ஒளியைத் துரத்த விடுவதும் கூடாது. கையில் சிக்காததைத் துரத்தித் துரத்திச் சில நாய்களுக்கு அதுவே வெறியாகிவிடுகிறது. மழை விட்டாலும் தேங்கிய நீரில் இறக்காதீர்கள். அதில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா?