காட்டுக்கு முன் ஏரிக்கரை

ஆவடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சென்னையின் மேற்குப் புறநகரில் கானுயிர்ப் படம் பழகுகிறவருக்கு முதல் களம் ஏரிகள்தான். அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், ஆவடியில் பருத்திப்பட்டு, ரயிலில் இன்னும் சில நிலையம் போனால் திருநின்றவூர், பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் என்று வரிசையாக நீர்நிலைகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டியவை. ஆயக்கட்டு நிலங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. ஏரிகளுக்குப் பறவைகள் வருவது நிற்கவில்லை. புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் வீட்டுக்கு மிக அருகில் உள்ள ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஓர் ஆண்டு முழுக்க அதற்கே போய்வருவது நல்லது. வாரத்துக்கு ஓர் ஏரி என்று சுற்றுபவரின் கார்டில் படங்கள் சேரும். பறவையின் பழக்கம் பிடிபடாது.

ஓர் ஆண்டு ஏன் வேண்டும் என்றால், ஏரி மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும். செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அப்படி நிறைந்த ஏரியில்தான் பறவைகள் மிகுதியாக இருக்கும் என்று பலர் எண்ணிக் கேமராவோடு போய் ஏமாறுகிறார்கள். ஆழமான தண்ணீரில் நாமக்கோழியும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், அவையும் வெகுதூரத்தில். காலால் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அங்கே இடமில்லை. பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் இறங்கிச் சேறு தெரியத் தொடங்கும்போதுதான் பவளக்கால் உள்ளானும் அரிவாள் மூக்கனும் நத்தைக்குத்தி நாரையும் கரையோரம் இறங்கும். கோடையில் ஏரி சுருங்கி மீன்கள் சிறு பரப்பில் ஒதுங்கும்போது கூழைக்கடாக்கள் கூட்டமாக வரும். இந்தக் கணக்கு ஒருவருக்கு மனத்தில் பதிய ஒரு முழுச் சுற்று ஆகும்.

நேரம் அதிகாலைதான். சென்னையில் ஜனவரியில் ஆறரை மணிக்கும் மே மாதக் கடைசியில் ஆறு மணிக்குக் கால் மணி நேரம் முன்பும் சூரியன் எழுகிறது. அதன்பின் இரண்டு மணி நேரம் வெளிச்சம் சாய்வாக விழும். ஒன்பது மணிக்கு மேல் நீரின் பளபளப்பு இறகின் நுணுக்கத்தை விழுங்கிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கரையில் தாழ உட்கார்ந்து, பறவையின் கண்மட்டத்துக்கு லென்ஸைக் கொண்டுவர வேண்டும். நடைபாதை போட்ட பருத்திப்பட்டு போன்ற ஏரிகளில் பறவைகளுக்கு மனிதர்கள் பழகிப்போயிருக்கிறார்கள். நடந்து போகிறவரை அவை பொருட்படுத்துவதில்லை. சட்டென்று நின்று கையைத் தூக்குகிறவரைத்தான் சந்தேகிக்கின்றன. ஆகவே முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவதே சரியான முறை. மேய்ந்துகொண்டிருந்த கொக்கு மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால், அது அவ்வளவு நெருக்கத்தைப் பொறுக்கவில்லை என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். இன்னும் இரண்டடி வைத்தால் பறவையும் போகும், படமும் போகும்.

கூடுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் ஆர்வம் கேடாக முடிகிறது. ஆவடி, பட்டாபிராம் பக்கத்துக் காலி மனைகளில் மார்ச் முதல் ஆள்காட்டிக் குருவி முட்டையிடுகிறது. கூடு என்று தனியாக எதுவும் இல்லை. வெறும் தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். மண்ணின் நிறமும் கறுப்புத் திட்டுகளும் கொண்ட அவற்றை மிதிக்கும் அளவுக்கு அருகில் போனாலும் கண் கண்டுபிடிக்காது. வெயில் ஏறியதும் தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்கிறது. சூடு தணிக்க அது கண்ட வழி இது. படமெடுப்பவர் பக்கத்தில் நிற்கும்வரை அது திரும்பி வந்து அமராது. தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றும். ஏப்ரல் மாத வெயிலில் மூடப்படாத முட்டைக்குள் இருக்கும் கரு வெந்துபோக நெடுநேரம் வேண்டியதில்லை.

முக்குளிப்பான் நீரில் மிதக்கும் பாசிக்குவியலின்மேல் முட்டையிடும். கூட்டைவிட்டு இறங்கும்முன் ஈரப் பாசியை அலகால் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். யாராவது திடீரென்று நெருங்கினால் மூட நேரமில்லாமல் நீரில் மூழ்கிவிடும். மேலே காக்கை பார்த்துக்கொண்டிருக்கும். 1972-ஆம் ஆண்டின் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் காட்டுப்பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் சேர்த்திருக்கிறது. இந்தியாவில் பல இயற்கைப் படப் போட்டிகள் கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதே இல்லை. படத்துக்காக முள்ளை ஒடித்து, இலையை விலக்கி, கூட்டுக்கு வெளிச்சம் காட்டுவது எந்த நியாயத்திலும் அடங்காத செயல்.

அன்றாட உயிர்களைப் பார்ப்பதில் முன்மாதிரி தேடுபவர் சென்னைக்கு வெளியே போக வேண்டியதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) மயிலாப்பூரில் வாழ்ந்தவர். சாண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி என்று பல வேலைகள் பார்த்துவிட்டு, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பி வாழ்ந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் 1950-இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, அவர் இறந்த 1996 வரை 46 ஆண்டுகள் வந்தது. அதில் யானைக்கும் காட்டெருமைக்கும் இருந்த மதிப்பு காக்கைக்கும் அணிலுக்கும் பல்லிக்கும் இருந்தது. தமிழிலும் அவர் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். இந்தத் துறைக்கு வரும் எவரும் முதலில் படிக்க வேண்டிய புத்தகம் அதுதான். முதுமலையில் கும்கி யானையின் முதுகில் அமர்ந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர் அவர். பல கம்பெனிகளின் கேமரா உறுப்புகளைச் சேர்த்துத் தாமே பொருத்திய கருவிக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் படங்களை இன்றைக்கும் மதிக்கிறோம் என்றால், காரணம் விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே.

கருவி விஷயம் சுருக்கமானது. ஏரிப் பறவைகளுக்கு 400 மி.மீ. லென்ஸ் போதும். செகண்ட்ஹேண்டில் வாங்குவதாயிருந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தப்பிக்கும். வெள்ளைக் கொக்கை எடுக்கையில் எக்ஸ்போஷரை அரை முதல் ஒரு ஸ்டாப் குறைக்காவிட்டால் இறகெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கடன் வாங்கிக் கருவி வாங்கக் கூடாது. இந்தத் தொழிலை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள் நாட்டிலேயே சிலர்தான். மற்றவர்கள் வேறு சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு இதைச் செய்கிறார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலை ஷிப்ட் பார்ப்பவருக்கும் மாலை வெளிச்சம் மிச்சமிருக்கிறது.

பாதுகாப்பில் அலட்சியம் ஆகாது. ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலைகளும் விமானப்படை நிலையமும் இருப்பதால், அந்த மதில்களின் பக்கம் நீளமான லென்ஸை எடுப்பதே தவறு. மதில்மேல் ஆந்தை உட்கார்ந்திருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஏரிக்கரைக்கு விடியலில் தனியாகப் போகாமல் துணையோடு போவதும், வீட்டில் இடத்தைச் சொல்லிவிட்டுப் போவதும் கட்டாயம். கேமரா வைத்திருப்பவரைத் தெருவே பாம்புக்குக் கூப்பிடும். சாரைப்பாம்பு எது, கண்ணாடி விரியன் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பிடிக்கும் வேலை தீயணைப்புத் துறைக்கும் வனத்துறைக்கும் உரியது. படத்துக்காகப் பாம்பைக் குச்சியால் தூண்டியவர்கள் கடிபட்டிருக்கிறார்கள்.

ஓராண்டுக்குப் பிறகு பயணம். வடக்கே பூநாரைகளுக்குப் பழவேற்காடு, தெற்கே கூடு கட்டும் நாரைகளுக்கு வேடந்தாங்கல். இரண்டும் ஒரே நாளில் போய்வரக்கூடியவை. முதுமலைக்குப் போனால் வனத்துறை வண்டியிலேயே போக வேண்டும். சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதும் குரங்குக்குத் தீனி போடுவதும் குற்றம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட ஊர்மக்கள் வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு வெளியிலிருந்து போகிறவர் ஒரு படத்துக்காகக் கைதட்டிப் பறவையைப் பறக்கவிடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அவமரியாதை.

பொய்ப் படம் என்றைக்காவது வெளிவந்தே தீரும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் வேலியைத் தாண்டும் ஓநாய்ப் படத்துக்குத் தந்த முதல் பரிசை 2010-இல் திரும்பப் பெற்றார்கள். அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். 2018-இல் எறும்புண்ணிப் படம் ஒன்றும் பாடம் செய்த உடலை வைத்து எடுத்தது என்று நீக்கப்பட்டது. இரைவைத்து இழுப்பது, அலைபேசியில் குரல் ஒலிக்கவிட்டு வரவழைப்பது எல்லாம் இதே பாதையின் தொடக்கம்.

எடுத்த படத்தோடு தேதி, ஏரியின் பெயர், பறவையின் பெயர், எண்ணிக்கை நான்கும் இருந்தால்தான் அது ஆவணமாகும். ஆந்தைக் கூட்டின் இடத்தை மட்டும் யாருக்கும் வெளியிடக் கூடாது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர்மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். அப்படியொரு வழக்கில் இந்த ஏரிக்கு இன்ன பறவை இன்ன மாதம் வந்தது என்று காட்ட, பக்கத்துத் தெருக்காரர் ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களைவிட வலுவான சாட்சி கிடைப்பது அரிது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஜனவரியில் பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களும் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கால்மணி நேரம் நின்று எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். கட்டணம் இல்லை, அனுபவமும் கேட்பதில்லை. வரும் பொங்கலுக்குப் பருத்திப்பட்டு ஏரியின் கணக்கு உன் கையால் போகட்டும்.

அன்புடன்,
பெரியப்பா