வேப்பிலையும் அறிவிப்புத்தாளும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தில் நோய்த்தனிமையும் நெறிக்கடைப்பிடிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் பாதுகாப்பு விதிகளை மீறியமைக்கு விழிப்புணர்வின்மையே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரை விருதுநகர் – சிவகாசி வட்டாரத்தை முன்னிறுத்தி அக்கூற்றை மறுஆய்வு செய்கிறது. அம்மை கண்ட வீட்டின் மரபுநெறி, 2020–21ஆம் ஆண்டுகளின் கொரோனா விதிகள், பட்டாசு ஆலைகளின் பாதுகாப்பு விதிகள் ஆகிய மூன்றும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. நோயாளியின் மதிப்பு, தனிமைக்கான முடிவெல்லை, தனித்திருப்போர்க்கான உணவும் துணையும் என்னும் மூன்றும் அமைந்த இடத்தில் தனிமை ஏற்கப்படுகிறது. அவை இல்லாத இடத்தில் அறிந்த விதியும் கைவிடப்படுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பெருந்தொற்று, தனிமைப்படுத்தல், அம்மை, வேப்பிலை, இடைவெளி, சிவகாசி, பட்டாசுத் தொழில்

முன்னுரை

2020 மார்ச் 24 அன்று மாலை 6 மணி முதல் தமிழகம் முழுவதும் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. தனிமைப்படுத்தல், தொற்றாளர், கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, சமூக இடைவெளி முதலான சொற்கள் சில நாள்களுக்குள் நாள்வழக்காயின. இச்சொற்கள் புதியன, ஆயினும் இவை சுட்டும் செயல்கள் தமிழ் மக்களுக்குப் புதியன அல்ல. நோயுற்றவரை வீட்டில் தனித்து வைத்தலும், பிறர் வருகையைத் தவிர்த்தலும், குறித்த நாளுக்குப்பின் நீராட்டி மீட்டுக்கொள்ளலும் மாரியம்மன் வழிபாடு வேரூன்றிய ஊர்களில் வழிவழியாக நிகழ்ந்து வருவன.

பழகிய செயல் புதிய பெயரில் வந்தபோது மக்கள் ஏன் தயங்கினர் என்னும் வினா இதனால் எழுகிறது. வழக்குச்சொற்கள், சடங்குமுறைகள், பொதுவெளியில் பதிவான அரசாணைகள், தீர்ப்புகள் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அதற்கு விடை காண முயல்கிறது.

1. பாண்டிநாட்டு மரபும் ஆட்சியாளர் சட்டமும்

கொள்ளைநோயை ஊர் முழுவதற்கும் உரிய துன்பமாகக் காணும் பார்வை தமிழில் தொன்மையானது. கண்ணகியின் சீற்றத்திற்குப்பின் பாண்டிநாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்புநோயும் கொப்புள நோயாகிய குருவும் தொடர்ந்தமையைச் சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் விழாவெடுத்ததனால் அத்துன்பம் நீங்கியதாகவும் அது குறிக்கிறது. இங்கு நோய் தனியொருவரின் குற்றமாகக் காட்டப்படவில்லை. நீக்கும் பொறுப்பு அரசுக்கும் ஊருக்கும் உரியதாக வைக்கப்படுகிறது.

ஆங்கிலேயர் காலத்துச் சட்டநோக்கு இதனின் வேறானது. பம்பாயில் 1896இல் பரவிய பிளேக் நோயை ஒட்டி 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபத்தில் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின்னரே கடல் கடந்தனர். ‘மண்டபம் முகாம்’ என்னும் ஊர்ப்பெயர் அதன் எச்சம். 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபமும் இன்றைய விருதுநகர்ப் பகுதியும் ஒருங்கே அடங்கியிருந்தன. 1985இல்தான் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. எனவே தனிமைக்கு இரு முன்மாதிரிகள் இப்பகுதியின் வரலாற்றில் உண்டு: ஒன்று அம்மை வீடு, மற்றொன்று முகாம். 2020இல் அரசு கையாண்ட சட்டக்கருவிகளுள் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று என்பது நினைவுகொள்ளத்தக்கது.

2. அம்மை வீட்டின் நெறிமுறை

ஒருவர்க்கு அம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’, ‘அம்மை போட்டிருக்கிறது’, ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்பர். இத்தொடர்களின் இலக்கணம் கருதத்தக்கது. இவற்றில் எழுவாயாக நிற்பது அம்மையே. நோயுற்றவர் வினைமுதல் ஆவதில்லை. அவர் நோயைப் ‘பரப்பியவர்’ அல்லர். வருகை தந்த ஒருத்தியைத் தாங்கியிருப்பவர். கொப்புளத்தை ‘முத்து’ என்பதும் இம்மதிப்பின் பாற்பட்டதே.

வீட்டின் நிலைப்படியில் வேப்பிலை செருகப்பட்டதும் அக்குறியைத் தெருவே படித்துவிடுகிறது. வெளியார் உள்ளே வருவதில்லை. இறப்பு வீட்டிற்குச் சென்று வந்தோர் வாசலிலேயே நின்றுவிடுவர். வீட்டார் விருந்துக்கோ விழாவுக்கோ செல்வதில்லை. அடுப்பில் தாளிதம் இல்லை. எண்ணெய்ப் பண்டம் இல்லை. நோயுற்றவர் வேப்பிலைப் படுக்கையில் தனித்துக் கிடத்தப்படுகிறார். இளநீர், பானகம், கூழ் முதலான குளிர்ச்சிப் பொருள்கள் தரப்படுகின்றன. கொப்புளம் காய்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவர். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என எண்ணி முடித்ததும் தனிமை நீங்குகிறது.

சின்னம்மை, கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும் வரை தொற்றவல்லது என்பது மருத்துவ உண்மை. கொப்புளம் காய்ந்தபின் நீராட்டும் மரபு இவ்வெல்லையோடு பெரும்பாலும் பொருந்தி நிற்கிறது. ஆயினும் இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது மருத்துவப் பொருத்தமன்று. தனிமைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்பதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருத்தலே. நாற்பது நாள் கப்பலை நிறுத்திவைத்த வெனிசு நகர வழக்கிலிருந்து ஐரோப்பியச் சொல் பிறந்தது. நம் வழக்கில் நாளின் எண்ணிக்கை தண்ணீரின் எண்ணிக்கையாக அமைந்தது.

சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடத்தில் உள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் இந்நெறி வீட்டைக் கடந்து விரிகிறது. அம்மை முதலிய நோயுற்றோர் கோயிற்புறத்தே தங்கி நோன்பிருப்பதை ‘வயனம் காத்தல்’ என்பர். நோயாளியை ஊர் விலக்கியதாக அன்றி, தெய்வத்தின் அருகே அமர்த்தியதாக இவ்வழக்கு பொருள் கொள்கிறது. விலகியிருத்தல் என்னும் ஒரே செயல், சொல்லாலும் இடத்தாலும் மதிப்புப் பெறுகிறது.

3. பெருந்தொற்றுக் காலத்தின் மொழி

கொரோனாக் கால அறிவிப்புகள் பெரும்பாலும் ஏவல் வினைகளால் அமைந்தன. விழித்திருக்கவும், விலகியிருக்கவும், வீட்டிலேயே இருக்கவும் மக்கள் பணிக்கப்பட்டனர். நோயுற்றவர் ‘தொற்றாளர்’ ஆனார்; பேச்சுவழக்கில் ‘பாசிட்டிவ்’ என்னும் ஒற்றைச் சொல்லே ஆளைக் குறிக்கலாயிற்று. அம்மை வழக்கில் வினைமுதலாகாதிருந்த நோயாளி, இங்கு நோயைத் தன் பெயராகவே சுமக்க நேர்ந்தது.

‘சமூக விலகல்’ என்னும் முதற்கால மொழிபெயர்ப்பும் ஆராயத்தக்கது. சாதியின் பெயரால் விலக்கி வைத்தலை அறிந்த சமூகத்தில் அத்தொடர் நோய்த்தடுப்பை மட்டும் சுட்டி நிற்க இயலாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச்சிலேயே உடல்சார்ந்த இடைவெளியைக் குறிக்கும் சொல்லை விரும்பத்தக்கதாக அறிவித்தது. தமிழில் ‘சமூக இடைவெளி’, ‘தனிநபர் இடைவெளி’ என்பன பின்னர் வழங்கின. விலகல் என்பது மனிதர்மேல் நிகழ்வது. இடைவெளி என்பது இடத்தின்மேல் அமைவது. இவ்வேறுபாடு சிறிதெனினும் கேட்போர் மனத்தில் அது விளைக்கும் பொருள் சிறிதன்று.

வேப்பிலையின் இடத்தை அறிவிப்புத்தாள் பெற்றது. தொற்றுற்றோர் வீட்டு வாசலில் தாள் ஒட்டப்பட்டது. சில இடங்களில் தகரம் கொண்டு வழி அடைக்கப்பட்டது. இரண்டும் ‘உள்ளே நோய் உளது’ என்னும் ஒரே செய்தியையே கூறின. எனினும் வேப்பிலையைச் செருகியவர் வீட்டார். தாளை ஒட்டியவர் அலுவலர். முன்னதனைக் கண்டோர் தெய்வத்தை அஞ்சினர். பின்னதனைக் கண்டோர் மனிதரை அஞ்சினர். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரியின் ஆணை இருந்தாலன்றி வீடுகளில் இத்தகைய தாளை ஒட்டலாகாது என உச்ச நீதிமன்றம் 2020 திசம்பர் 9 அன்று தீர்ப்பளித்தது. தாள் ஒட்டப்படும் என்னும் அச்சம் சோதனைக்கு வருதலையே தடுக்குமாயின், குறி தன் நோக்கத்திற்கு எதிராகவே இயங்குகிறது.

இதற்கிடையே 2020 மார்ச் இறுதியில் தமிழகத்தின் பல ஊர்களில் வாசல்தோறும் வேப்பிலை கட்டப்பட்டது; தெருக்களில் மஞ்சள்நீர் தெளிக்கப்பட்டது. இதனை மரபின் மீட்சி என்று மட்டும் கொள்ளுதல் போதாது. குறியின் பொருள் இங்கு தலைகீழாயிற்று. அம்மை வீட்டில் ‘நோய் உள்ளே இருக்கிறது, வாராதீர்’ எனப் பிறர்க்கு உரைத்த வேப்பிலை, இப்போது ‘நோயே, உள்ளே வாராதே’ என நோயிடம் உரைத்தது. முன்னது பிறரைக் காத்தது; பின்னது தன்னைக் காக்க விழைந்தது. வெளிப்படுத்தும் குறி காப்புக் குறியானபோது, தனிமையின் அடிப்படையாகிய ‘என்னிடமிருந்து பிறரைக் காத்தல்’ என்னும் பொருள் மறைந்துவிட்டது.

இம்மாற்றத்திற்கு நோயின் இயல்பும் காரணமாகும். அம்மை உடலில் தன்னை எழுதிக்காட்டுகிறது. கொரோனாவோ அறிகுறி தோன்றுமுன்னரே தொற்றுகிறது; சிலர்க்கு அறிகுறியே தோன்றுவதில்லை. கண்ணால் காணும் முத்தை நம்பிய சமூகம், சோதனைத்தாளில் உள்ள ஒரு சொல்லை நம்பித் தன் கூலியை விட வேண்டியதாயிற்று.

4. பட்டாசு ஆலையின் ‘இடைவெளி’

சிவகாசி வட்டாரத்திற்கு ‘இடைவெளி’ என்னும் சொல் 2020இல் புதிதாக வந்ததன்று. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோர் 1923இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது இத்தொழில் வட்டாரம். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே குறித்த தூரம் விடப்பட வேண்டும். ஓர் அறையில் பொதுவாக நான்கு பேருக்கு மேல் பணியாற்றலாகாது. மரத்தடியிலும் வெட்டவெளியிலும் வெடி தயாரித்தல் குற்றம். ஓர் அறையில் எழும் தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவும், தாவினும் உயிரிழப்பு குறையவும் வகுக்கப்பட்டவை இவை. தொற்றைத் தடுக்கும் தனிநபர் இடைவெளியின் தருக்கமும் இதுவே. இவ்வாலைகளில் வெடிக்கலவையை ‘மருந்து’ என்றே வழங்குவர். ஒரே சொல் ஓரிடத்தில் உயிர் காப்பதையும் மற்றோரிடத்தில் உயிர் பறிக்கக்கூடியதையும் குறிக்கிறது.

இவ்விதிகளை அறியாத தொழிலாளர் இவ்வட்டாரத்தில் அரியர். எனினும் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெருந்தொற்றின் நடுவே, 2021 பிப்ரவரி 12 அன்று, சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மீறிய ஆள்களை அமர்த்துதலும் உள்குத்தகை முறையும் இத்தகைய விபத்துகளை ஒட்டி மீண்டும் மீண்டும் பேசப்படுவன. செய்த எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை மிகுதி. மழை வந்தால் வேலை நிற்கும். இந்நிலையில் விதியைக் கடைப்பிடித்தலின் விலையைச் செலுத்துபவர் தொழிலாளியே. விழிப்புணர்வு விதிமீறலைத் தடுக்கும் என்னும் கருத்துக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

பெருந்தொற்று விதிகளும் இத்தளத்தின்மேலேயே வந்து படிந்தன. ஊரடங்கில் ஆலைகள் மூடப்பட்டன. 2020 மே மாதத் தளர்வுகளுக்குப்பின் குறைந்த எண்ணிக்கையிலான தொழிலாளருடன் இயங்கின. அறைக்கு நால்வர் என்னும் விதி இருப்பினும், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து ஆலைக்கு வரும் வேனில் அவ்விதி இல்லை. அவ்வாண்டு நவம்பர் 9 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லி தலைநகர்ப் பகுதியில் பட்டாசு விற்கவும் வெடிக்கவும் தடை விதித்தது. இராசத்தான் முதலிய மாநிலங்களும் தடை விதித்தன. காற்று மாசு தொற்றுற்றோரின் நுரையீரலைத் தாக்கும் என்பது காரணம். பிறர் நலன் காக்கும் ஒரு விதியின் சுமை, தொலைவிலுள்ள சிவகாசித் தொழிலாளியின் கூலியில் இறங்கியது. அச்சுமையைப் பகிரும் ஏற்பாடின்றி வந்த விதியை ‘நமது விதி’ எனக் கொள்ளுதல் அவர்க்கு எளிதன்று.

திருக்குறள் மருந்து அதிகாரத்தின் இறுதிக்குறள் மருத்துவத்தின் கூறுகளாக நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவனையும் எண்ணுகிறது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்க்கு 1000 ரூபாயும் விலையில்லா அரிசியும், 2021இல் இரு தவணைகளாக 4000 ரூபாயும் அரசு வழங்கியமை இந்நான்காம் கூற்றை நோக்கியதே. தனிமையைச் சட்டம் அறிவிக்கலாம். அதனைத் தாங்குவது சோறும் துணையும் ஆகும்.

5. மரபின் எல்லைகள்

அம்மை மரபைக் குறையற்றதாகக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. தெய்வத்தின் வருகை என்னும் நம்பிக்கை மருத்துவரை நாடுதலைத் தாமதப்படுத்தியதுண்டு. தடுப்பூசிக்கு எதிர்ப்பாகவும் நின்றதுண்டு. பெரியம்மை 1975இல் இந்தியாவிலிருந்தும், 1980இல் அறிவிக்கப்பட்டவாறு உலகிலிருந்தும் நீங்கியது தடுப்பூசியாலும் நோயாளிகளைத் தேடிக் கண்டறிந்த முயற்சியாலுமே, வேப்பிலையால் அன்று. தீட்டுக் கருத்துகளும் அம்மரபில் கலந்துள்ளன. கூட்டுவழிபாடு தொற்றைப் பெருக்கவும் வல்லது. 2020இல் விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலும் இருக்கன்குடி ஆடி கடைசி வெள்ளியும் வழக்கமான மக்கள் திரளின்றிக் கழிய வேண்டியிருந்தமை தேவையானதே. மரபிலிருந்து கொள்ளத்தக்கது அதன் நோய்விளக்கம் அன்று. தனிமையை மதிப்போடு நடத்திக்காட்டிய அதன் சமூக அமைப்பே.

நிறைவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தனிமைப்படுத்தல் தமிழ்ச் சமூகத்திற்குப் புதியதன்று. அம்மை வீட்டில் அது வீட்டாரால் தொடங்கப்பட்டு, எண்ணி முடிக்கப்படும் ஒழுகலாறாக விளங்குகிறது.

2. அம்மை வழக்கில் நோயே எழுவாய். கொரோனா வழக்கில் நோயாளியே நோயின் பெயரானார். இச்சொல்மாற்றம் மதிப்பிழப்புக்கும் மறைத்தலுக்கும் இடமளித்தது.

3. வேப்பிலையும் அறிவிப்புத்தாளும் ஒரே செய்தியைக் கூறினும், குறியை இடுபவர் யார் என்பதே ஏற்பைத் தீர்மானிக்கிறது.

4. பட்டாசு ஆலை விபத்துகள், விதியை அறிதல் வேறு, கடைப்பிடிக்க இயலுதல் வேறு என்பதை உணர்த்துகின்றன. கூலியிழப்பை ஈடுசெய்யாத விதி, உயிரச்சம் உள்ள இடத்திலும் மீறப்படுகிறது.

இனியொரு பெருந்தொற்றுக்கான சொற்களும் அறிவிப்புகளும் மருத்துவராலும் அலுவலராலும் மட்டுமன்றி, வட்டார வழக்கறிந்த மொழியறிஞராலும் ஆக்கப்பட வேண்டும். ஆயினும் சொல் மட்டும் போதாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாள்வரை அம்மை வீட்டின் அடுப்பு அணையாதிருந்தது போலவே, தனித்திருக்கும் கூலித் தொழிலாளியின் அடுப்பும் அணையாதிருத்தல் வேண்டும். அதற்கு வழிசெய்யாமல் அவரை விதிமீறுபவர் எனப் பெயரிடுதல் ஆய்வுக்கும் அறத்திற்கும் பொருந்தாது.