என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் தொடங்குங்கள்
சூழலுக்கு இசைந்த பொருட்களை வடிவமைக்க விரும்புவோருக்கு நீர்வேலி வாழையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால், கோப்பாய் தாண்டியதும் நீர்வேலி. செம்மண்ணும் வாழைத்தோட்டமுமாக இருக்கும் ஊர். வாழை ஒருமுறைதான் குலை போடும். குலையை வெட்டியதும் மரத்தையும் சரித்துவிடுவார்கள். அதை வைத்து நல்லதொரு பொருள் செய்ய இளைஞர்கள் கூடினால், முதல் நாளே “வாழைநாரில் கைப்பை செய்வோம்” என்று முடிவாகிவிடும். தேடலும் அன்றே முடிந்துவிடும். கைப்பையில் குற்றமில்லை. அதைவிடப் பயனுள்ளது இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் இழப்பு.

1. கேள்வியை அகலமாக வையுங்கள்

“வாழைநாரில் எப்படிப்பட்ட பை செய்யலாம்?” என்ற கேள்விக்குள் விடை ஏற்கெனவே இருக்கிறது. “குலை வெட்டிய வாழை இந்த ஊரில் யாருக்கு, எப்படி உதவலாம்?” என்று கேளுங்கள். இதை ஒரு தாளில் பெரிதாக எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். பேச்சு ஒரே பொருளில் போய் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குத் திரும்புங்கள்.

2. ‘கழிவு’ என்று சொல்லுமுன் தோட்டத்தைப் பாருங்கள்

குலை வெட்டும் நாளில் தோட்டக்காரரோடு நில்லுங்கள். தடல், தண்டு, இலை, பொத்தி, சருகு ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கேட்டு எழுதுங்கள். மாட்டுக்குப் போவது எவ்வளவு? மண்ணுக்கே திரும்புவது எவ்வளவு? வாழையில் பொட்டாசியம் அதிகம். மரத்தை வெளியே கொண்டுபோனால் அந்தச் சத்தும் தோட்டத்தை விட்டுப் போகும். நாம் கழிவு என்று நினைப்பது அங்கே உரமாக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

சென்னையில் பிறந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கற்பித்த எம். பி. ரஞ்சன், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் மூங்கில், பிரம்பு வேலைகளை இப்படித்தான் அணுகினார். மக்கள் ஏற்கெனவே பின்னும் கூடைகளையும் அவற்றின் முடைவு முறைகளையும் சக ஆய்வாளர்களோடு விரிவாகப் பதிவுசெய்தார். அந்தப் பதிவு 1986இல் நூலாக வெளிவந்தது. உங்களுக்கு ஒரு நாற்பதுபக்கக் கொப்பி போதும்.

3. பொருளோடு கையால் பழகுங்கள்

இந்தக் கட்டத்தில் எதையும் ‘செய்து முடிக்க’ வேண்டாம். தடலை உரியுங்கள், சுரண்டுங்கள், முறுக்குங்கள், பின்னுங்கள், இடித்துக் கூழாக்கித் தாளாக உலர்த்துங்கள். வெளித்தடலின் நார் முரடாகவும் உள்தடலின் நார் மென்மையாகவும் வருவது விரலுக்கே தெரியும். மரத்தின் பெரும்பகுதி நீர். நார் கொஞ்சமே கிடைக்கும். வாழைப்பாலின் கறை உடுப்பிலிருந்து போகாது. இவை ஒவ்வொன்றும் எழுதி வைக்கவேண்டிய செய்தி.

உலகமும் வாழைக் குடும்பத்துச் செடிகளில் பல பயன்களைக் கண்டிருக்கிறது. பிலிப்பைன்சின் அபாக்கா வாழை கப்பல் கயிறானது. ஜப்பானின் ஒக்கினாவாவில் வாழைநார் மெல்லிய துணியானது.

4. எண்ணங்களைப் பெருக்குங்கள்

முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதட்டும். பிறகு ஒன்றாக வையுங்கள். அன்றைக்கு “இது சரிவராது” என்று யாரும் சொல்லக்கூடாது. பொருளின் பெயருக்குப் பதிலாக வினையைக் கொண்டு தேடுங்கள்: கட்டுவது, பொதிவது, தாங்குவது, மூடுவது, வடிப்பது.

ஊரின் தேவையையும் பக்கத்தில் வையுங்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றை இலங்கை 2023 ஒக்டோபர் 1 முதல் தடைசெய்தது. அவற்றில் பிளாஸ்டிக் பூமாலையும் இடியப்பத் தட்டும் உண்டு. இரண்டும் நம் கோயிலிலும் குசினியிலும் புழங்குபவை. பனையோலையில் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைக்கும் பெண்களிடம் போங்கள். வாழைநாரும் பனையோலையும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன வரும் என்று அவர்களின் கைக்குத்தான் தெரியும்.

5. மலிவாகச் செய்து, கடுமையாகச் சோதியுங்கள்

மூன்று எண்ணங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் கரடுமுரடான மாதிரி செய்யுங்கள். எவ்வளவு தாங்கும் என்று அறிய, அதில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுங்கள். ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒரு கிலோ. நனைத்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, பசையும் வார்னிஷும்: பிளாஸ்டிக் பூச்சு பூசினால் நார் மண்ணில் மக்காது. மற்றது தண்ணீர். நமது கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பியவை. நாரை ஊறவைக்கவும் கழுவவும் சாயமிடவும் எவ்வளவு நீர் போகிறது, அந்த நீர் எங்கே வடிகிறது என்று கணக்கெடுங்கள்.

6. தெரிவு செய்யும் நாளைக் குறியுங்கள்

தேடலுக்கு முடிவுநாள் வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே குறித்துவிடுங்கள். அன்று நான்கு கேள்விகள்: யாருக்கு இது உண்மையில் தேவை? செய்பவருக்கு நியாயமான கூலி கிடைக்குமா? உடைந்தால் திருத்தலாமா? பாவித்து முடிந்தபின் எங்கே போகும்?

எந்த மாதிரியும் தேறாவிட்டால், மரத்தை வெட்டித் தோட்டத்திலேயே பரப்புவதுதான் சிறந்தது என்ற முடிவுக்கு வரலாம். அதையும் துணிந்து எழுதுங்கள். தேவையற்ற ஒரு பொருளை உலகில் சேர்க்காமல் விடுவதும் வடிவமைப்பாளரின் பொறுப்புத்தான்.