டைமிங் பெல்ட் மாற்றப் போகிறீர்களா?

டஸ்டர் டீசல் போன்ற வண்டிகளில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் டைமிங் பெல்ட்தான். பம்ப்பை எட்டவே பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும். ஆகவே டென்ஷனரோடு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி வயரைக் கழற்றி, கூலன்ட்டை வடியுங்கள். பழைய பெல்ட்டை எடுக்குமுன் கிராங்க், கேம் இரண்டையும் மார்க்குக்குக் கொண்டுவந்து, அந்த இன்ஜினுக்குரிய லாக்கிங் பின்களைப் போடுங்கள். கண்மதிப்பு இங்கே போதாது.

புதுப் பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பின்களை எடுத்துவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே 2 முழுச் சுற்று கையால் சுற்றி, மார்க்குகளை மறுபடி பாருங்கள். நடுவில் இடித்தால் அழுத்தவே வேண்டாம். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது. ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

வடித்த கூலன்ட்டை உடனே மூடி வையுங்கள். இனிப்புச் சுவைக்கு நாய் நக்கிவிடும். அது கொடிய விஷம்.