பாலம் கட்டுமுன் பிழைப்பைக் கணக்கெடுப்பது எப்படி?

ஆற்றின் குறுக்கே சாலைப் பாலம் வரப்போகிறது என்றால் ஊருக்குள் முதலில் வருவது சர்வேயரின் கல். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்வரை எத்தனை சர்வே எண்கள், எத்தனை வீடுகள், எத்தனை தென்னை என்று எண்ணி இழப்பீடு போட்டுவிட்டால் மறுகுடியமர்வு வேலை முடிந்தது என்பது அலுவலகங்களில் ஊறிப்போன நினைப்பு. பாலத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பாலம் எடுத்துக்கொள்ளும் நிலம் குறைவு; இரு கரையிலும் அணுகுசாலைக்கு ஒரு நீளத் துண்டு, அவ்வளவுதான். அது புரட்டிப்போடும் பிழைப்போ அதிகம். துறையில் படகு ஓட்டுபவர், படகுக்குக் காத்திருப்போரிடம் டீ விற்பவர், தூண் நிற்கப்போகும் இடத்தில் வலை வீசுபவர், கோடையில் ஆற்றுத் திட்டில் வெள்ளரி போடுபவர் ஆகியோரில் பலரிடமிருந்து ஒரு சென்ட் நிலத்தைக்கூட யாரும் எடுப்பதில்லை. அதனாலேயே அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பாலத்தின் சமூகத் தாக்கத்தை மதிப்பிடுபவர் எல்லையை நிலத்தை வைத்து வரைந்தால் பாதிப் பேரைத் தவறவிடுவார். பிழைப்பை வைத்து வரைய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஊராட்சி உறுப்பினர், பொறியாளர், தொண்டு நிறுவனத்தார், மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்கும் ஊர்க்காரர் என எல்லாருக்கும் பொதுவாகவே இது எழுதப்படுகிறது.

1. நான்கு வட்டங்களாக எல்லை வரையுங்கள்

முதல் வட்டம் எடுக்கப்படும் நிலம். இது எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டாவது, கட்டும் காலத்தில் மட்டும் பாதிக்கப்படும் இடங்கள்: கான்கிரீட் கலவை நிலையம், தொழிலாளர் குடியிருப்பு, லாரிகள் போய்வரும் ஊர்ச் சாலை, பைல் எனப்படும் அடித்தளத் தூண்களை இறக்கும் அதிர்வு எட்டும் வீடுகள். மூன்றாவது ஆறு. பாலத்துக்கு மேற்புறம் வெள்ள மட்டம் எவ்வளவு ஏறும், கீழ்ப்புறம் எந்தக் கரை அரிக்கப்படும் என்று நீரியல் பொறியாளரிடம் கேட்டு, அவர் தரும் கணக்கைக் கிராம வரைபடத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நான்காவது, பாலம் வந்ததும் ஆள் நடமாட்டம் குறையப்போகும் பழைய வழி: படகுத்துறை, அதை ஒட்டிய கடைத்தெரு, பழைய சாலையின் சந்திப்பு. ரயில்வே கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் கட்டும்போதும் இதே நிலைதான். கேட் மூடிக்கிடக்கும் நேரத்தை நம்பிக் கடலை விற்றவரும், மேம்பாலத்தின் நிழலில் சர்வீஸ் ரோட்டுக்குள் அமுங்கிப்போகும் கடைக்காரரும் இந்த நான்காம் வட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம் வட்டத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தின் ஜமுனா பாலம் சான்று. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் ஆகியவற்றின் கடனில் 1994-இல் பணி தொடங்கி 1998 ஜூனில் திறக்கப்பட்ட 4.8 கி.மீ. பாலம் அது. நிலம் இழப்போருக்கான திருத்திய மறுகுடியமர்வுத் திட்டம் 1993-இலேயே கையில் இருந்தது. ஆனால் பல கிளைகளாகப் பிரிந்து அகன்று ஓடும் ஜமுனாவைப் பாலத்துக்குள் அடக்க இரு பக்கமும் பெரிய கரைகளைக் கட்டி ஆற்றை நெருக்க வேண்டியிருந்தது. நெருக்கப்பட்ட ஆறு எந்தத் திட்டைக் கரைக்கும், எதை மூழ்கடிக்கும் என்ற கேள்வி ஆற்றுக்குள்ளேயே ‘சர்’ எனப்படும் மணல் தீவுகளில் வாழ்ந்தவர்களுக்கு உயிர்க்கேள்வி. அவர்கள் அந்தத் திட்டத்தில் உரிய இடம் பெறவில்லை. அவர்கள் சார்பில் உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று 1996-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டது. அரிப்பாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்படுவோருக்கான தனித் திட்டம் அதன் பிறகே ஏற்கப்பட்டது. அப்போது வேலை தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனைக்கும் அங்கே பணத்துக்கும் நிபுணர்களுக்கும் குறைவில்லை. எல்லைக்கோடு கரையோடு நின்றுபோனதுதான் குறை.

2. சட்டம் எதுவரை வருகிறது என்று பாருங்கள்

2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட முன்னே நிற்கிறது. ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதற்கு அது தரும் வரையறையில் நில உரிமையாளர் மட்டுமின்றி, கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிரிடுவோர், கைவினைஞர்கள் ஆகியோரும், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர்களும் படகோட்டிகளும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஊராட்சியையோ நகராட்சியையோ கலந்துகொண்டு ஆறு மாதத்துக்குள் சமூகத் தாக்க மதிப்பீட்டை முடிக்க வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். பிறகு அரசு சாராத சமூகவியலாளர் இருவர் உள்ளிட்ட நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். எடுக்கப்படும் நிலம் தேவைக்கு மேற்படாத குறைந்தபட்ச அளவுதானா, வேறு இடம் பரிசீலிக்கப்பட்டதா என்ற கேள்விகளுக்கும் மதிப்பீடு விடை சொல்லியாக வேண்டும்.

ஆனால் சாலைப் பாலங்களில் பெரும்பாலானவை இந்த வாசல் வழியே வருவதில்லை. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956 இந்த 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் இடம்பெற்று மதிப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றிருக்கிறது. தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், 2001-க்கும் மாநிலத் திருத்தத்தின் வழியே அதே விலக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அந்த விலக்கு செல்லாது என்றது. அதை மீட்க மாநில அரசு அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றியது. அந்தப் புதுச் சட்டத்தை 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய அட்டவணைகளை இச்சட்டங்களுக்கும் நீட்டிக்க வழி செய்யப்பட்டிருக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை விலக்கிவிட்டு, பாதிக்கப்பட்டவருக்கு என்ன தருவது என்ற அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டால் அது பட்டாதாரரைத் தாண்டிப் போகாது. ஆகவே உங்கள் பாலம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை அறிவிக்கையில் முதலில் பாருங்கள். மதிப்பீடு கட்டாயமில்லை என்றாலும் செய்யத் தடையில்லை. கிராம சபை தீர்மானம் போட்டுக் கேட்கலாம். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடன் இருந்தால் அந்த வங்கியின் விதிகளே மதிப்பீட்டைக் கேட்கும்.

3. ஆவணத்தையும் ஆளையும் சேர்த்து எண்ணுங்கள்

கணக்கெடுப்பை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் தொடங்குங்கள், அங்கேயே முடித்துவிடாதீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவை நிலம் யார் பேரில் இருக்கிறது என்று சொல்லும். இறந்துபோன தாத்தா பேரில் இருக்கும் கூட்டுப் பட்டாவில் இன்று எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது என்று சொல்லாது. புறம்போக்கில் குடியிருப்போருக்கு பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த் துறை தரும் அறிவிப்பு), மின் இணைப்பு ரசீது, குடும்ப அட்டை ஆகியவை குடியிருப்புக் காலத்துக்குச் சான்றாகும். வாய்மொழிக் குத்தகைக்கு அக்கம்பக்கத்தாரின் சாட்சியைத்தான் எழுதி வாங்க வேண்டும். வீடு வீடாகப் போகும்போது குடும்பத் தலைவரிடம் மட்டும் பேசாமல் பெண்களிடம் தனியே கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து, விறகு எங்கிருந்து, சுய உதவிக் குழுக் கடன் எவ்வளவு, எந்த வீட்டில் வேலை என்ற விவரங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும்.

ஆற்றங்கரைப் பிழைப்புக்குப் பருவம் உண்டு. ஆவணியில் போனால் படகுத்துறை நிறைந்திருக்கும், வெள்ளரிக்காரர் இருக்கமாட்டார். சித்திரையில் போனால் மக்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடப்பார்கள், படகோட்டி வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரே வாரத்தில் முடித்த கணக்கெடுப்பு இவர்களில் ஒருவரை நிச்சயம் விட்டிருக்கும். நீர் நிறைந்த காலம் ஒருமுறை, வற்றிய காலம் ஒருமுறை என்று குறைந்தது இருமுறை எண்ணுங்கள். துறையில் காலை முதல் இரவு வரை எத்தனை பேர் கடக்கிறார்கள், கட்டணம் என்ன, எத்தனை கடைகள், வார நாளில் எப்படி, சந்தை நாளில் எப்படி என்று பதிவு செய்யுங்கள். பாலம் திறந்த பிறகு இழப்பை நிறுவ இந்தப் பழைய கணக்கைவிட வலுவான சான்று வேறில்லை. அதிர்வு எட்டும் வீடுகளின் சுவர்களை வேலை தொடங்குமுன் படமெடுத்து, இருக்கும் விரிசல்களைக் குறித்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்படி வலையை அகலமாக விரித்தால் இல்லாதவரும் வந்து சேர்வார், இழப்பீட்டுக்காக ஒரே இரவில் கொட்டகை முளைக்கும் என்ற ஆட்சேபம் பொய்யல்ல. அதற்கு மருந்து, எல்லையைச் சுருக்குவதில் இல்லை. கணக்கெடுப்புக்கு ஒரு கடைசித் தேதியை அறிவித்து, அன்றைய நிலையைப் படத்தோடும் இருப்பிடக் குறிப்போடும் பதிந்து, பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதில் இருக்கிறது. ஊரில் யார் உண்மையான கடைக்காரர், யார் நேற்று வந்தவர் என்பது ஊருக்குத் தெரியும். மறைத்து வைத்த பட்டியலில்தான் போலிகள் நுழைகிறார்கள்.

4. எட்டு ஆபத்துகளைக் கேள்விகளாக்குங்கள்

உலக வங்கியில் பணியாற்றிய சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா, இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வறுமையில் விழும் வழிகளை எட்டாக வகுத்தார்: நிலம் இழத்தல், வேலை இழத்தல், வீடு இழத்தல், ஓரங்கட்டப்படல், உணவுத் தட்டுப்பாடு, நோய்நொடி, பொதுச் சொத்துகளை இழத்தல், சமூகப் பிணைப்பு சிதறல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்த எட்டையும் கேள்விகளாக்கிக் கேளுங்கள். பாலத் திட்டங்களில் முதல் இழப்பும் மூன்றாம் இழப்பும்தான் பணமாகக் கணக்கிடப்படுகின்றன. வேலை, பொதுச் சொத்து, பிணைப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போய்விடுகின்றன. சுடுகாட்டுப் பாதை, மாடு இறங்கும் படித்துறை, வலை காயவைக்கும் மணல்மேடு, பிள்ளைகள் பள்ளிக்குக் குறுக்கே போகும் வழி ஆகியவற்றை உயர்ந்த அணுகுசாலை மண்மேடு வெட்டிவிடும். இவற்றுக்குச் சந்தை விலை இல்லை என்பது இவை மதிப்பற்றவை என்பதற்குச் சான்றாகாது.

பாலத்தால் வரும் நன்மை இந்தச் சிலரின் இழப்பைவிடப் பன்மடங்கு பெரிது என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். 6.15 கி.மீ. நீளமுள்ள பத்மா பாலம் 2022 ஜூன் 25-இல் திறக்கப்பட்டபோது வங்கதேசத்தின் தென்மேற்கு மாவட்டங்கள் தலைநகரோடு நேராக இணைந்தன. படகுத்துறையில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்த நோயாளிக்கும் காய்கறி லாரிக்கும் விடிவு பிறந்தது. நிலம் இழந்தவர்களுக்கு இரு கரையிலும் பள்ளி, மருத்துவ மையத்தோடு மறுகுடியமர்வு மனைகளும் அமைக்கப்பட்டன. அதே பாலம் பக்கத்திலிருந்த ஷிமுலியா படகுத்துறையின் கூட்டத்தை வற்றவைத்தது. பயணிகள் படகு, ஸ்பீட்போட் தொழிலாளரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் நம்பியிருந்தது அந்தக் கூட்டத்தைத்தான். நன்மை பெரிது என்பதே இவர்களுக்கு ஈடு செய்வதற்கான காரணம். கோடிக்கணக்கானோர் பெறும் லாபத்தில் ஒரு துளியை எடுத்து, அந்த லாபத்துக்கு விலை கொடுத்த சில ஆயிரம் பேருக்குத் தருவது திட்டச் செலவில் பெரிதாகத் தெரியாது.

5. வடிவம் உறுதியாகுமுன் கேளுங்கள்

கருத்துக் கேட்பு என்பது பந்தல் போட்டு மைக் வைத்து ஒரு பிற்பகலில் முடிக்கும் சடங்கானால் அதைச் செய்யாமலே இருக்கலாம். வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே, தொழில்வாரியாகச் சிறு குழுக்களாக, அவரவர் இடத்திலேயே கேட்க வேண்டும். மும்பை கடற்கரைச் சாலைப் பணியில் வொர்லி மீனவர்கள் கிளப்பிய பிரச்சினையைப் பாருங்கள். தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி போதும் என்றது திட்டம். அலையும் காற்றும் மாறும்போது அதற்குள் படகு செலுத்துவது ஆபத்து என்றார்கள் அங்கிருந்த கோலி சமூக மீனவர்கள். போராட்டம் நடந்தது, வேலை தடைப்பட்டது. கடைசியில் ஒரு தூணைக் கைவிட்டு இடைவெளியை 120 மீட்டராக்க மாநகராட்சி இணங்கியது. மக்களைக் கேட்பதால் தாமதமாகிறது என்போர் இதைக் கவனிக்க வேண்டும். தூணின் இடத்தைக் காகிதத்தில் நகர்த்த ஒரு நாள் போதும். கடலில் நகர்த்தத்தான் மாதங்கள் ஆகின்றன.

கேட்டவற்றை ஒரு பட்டியலாக்குங்கள்: ஊரார் சொன்னது, பொறியாளரின் பதில், ஏற்றதா இல்லையா, ஏன். மண்மேட்டுக்கு அடியில் இன்னும் ஒரு சுரங்கப்பாதை, படித்துறைக்கு ஒரு சரிவு, தூண் நடும் வேலையை மீன் பெருகும் பருவத்துக்குத் தள்ளாமலிருத்தல் போன்ற கோரிக்கைகளில் பலவற்றுக்குச் செலவு சொற்பம். இழப்பீடு கொடுப்பதைவிட இழப்பைத் தவிர்ப்பதே மலிவு.

6. யாருக்கு என்ன என்று எழுதிக் காட்டுங்கள்

ஒவ்வொரு வகை இழப்புக்கும் ஒவ்வொரு வகை மனிதருக்கும் கிடைக்க வேண்டியதை ஒரே அட்டவணையில் எழுதுங்கள். நிலத்துக்கு 2013 சட்டப்படி சந்தை மதிப்பும், கிராமப்புறமானால் தூரத்தைப் பொறுத்து இரு மடங்குவரையும், அதன்மேல் நூறு சதவீத ஆறுதல் தொகையும் உண்டு. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டு மாதம் ரூ.3,000, போக்குவரத்துக்கு ரூ.50,000, சிறு வணிகருக்கும் கைவினைஞருக்கும் குறைந்தது ரூ.25,000 என்று சொல்கிறது. இவை தரை, கூரை அல்ல. வீட்டை மதிப்பிடும்போது பழசு என்று தேய்மானம் கழிக்காதீர்கள். கழித்த பணத்தில் யாரும் புது வீடு கட்ட முடியாது. புறம்போக்கில் இருப்பவருக்குக் கொடுத்தால் ஆக்கிரமிப்புக்குப் பரிசு கொடுத்ததாகாதா என்பார்கள். உலக வங்கியின் விதியில் இதற்கு விடை இருக்கிறது: நிலத்துக்கு விலை இல்லை, ஆனால் அவர் கட்டிய வீட்டுக்கும் இழந்த வருமானத்துக்கும் உண்டு.

மாற்றிடம் தரும்போது தூரத்தை வேலை செய்யும் இடத்திலிருந்து அளவிடுங்கள். சென்னையில் கூவம் கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தது. நடந்து போகும் தொலைவில் இருந்த வேலையும் பள்ளியும் கிடைக்கவில்லை. வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கட்டும். துறையை நம்பியவர்களுக்குப் பணத்தைவிடப் புதிய சந்திப்பில் கடை இடம், சுங்கச்சாவடியிலும் பராமரிப்பிலும் வேலை, படகை மீன்பிடிக்கு மாற்ற உதவி ஆகியவை நிலைக்கும்.

7. ரிப்பன் வெட்டிய பிறகும் போங்கள்

பெரும்பாலான மதிப்பீடுகள் வேலை தொடங்குமுன் முடிந்துவிடுகின்றன. துறையின் வருமானம் விழுவதோ பாலம் திறந்த மறுநாள்; கரை அரிப்போ சில வெள்ளங்களுக்குப் பிறகு. எனவே திறப்புக்குப் பின் குறைந்தது மூன்று மழைக்காலங்களுக்காவது அதே குடும்பங்களை அதே கேள்விகளோடு மீண்டும் பாருங்கள். இதற்கான பணம் திட்ட மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பில் ஒதுக்கப்படாவிட்டால் யாரும் போகமாட்டார்கள். புகாரைப் பெறுபவர் ஒப்பந்தக்காரரின் ஆளாக இல்லாமல், பதில் சொல்லவேண்டிய கெடுவோடு நியமிக்கப்பட்ட ஒருவராக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் பாலம் வருவதாக அறிவிப்பு வந்தால், கையில் கிடைக்கும் மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். படகோட்டியின் பெயர் அதில் இருக்கிறதா? பாலத்துக்குக் கீழ்ப்புறம் உள்ள முதல் ஊரின் பெயர் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அது நில எடுப்புப் பட்டியல், சமூகத் தாக்க மதிப்பீடு அல்ல. கிராம சபையில் அதைத் திருப்பி அனுப்புங்கள்.