சார்ட் பேப்பர் முதலில், கம்ப்யூட்டர் பிறகு

கேள்வி: ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகளை வலைப்பூ எழுத வைக்கலாம் என்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார். கட்டுரை என்றாலே நோட்ஸைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள் இவர்கள். கம்ப்யூட்டர் அறை வாரத்துக்கு ஒரு பீரியட்தான் கிடைக்கும். பெற்றோரோ, “போனைப் பிடுங்கி வைக்கவே படாத பாடு, இதில் நீங்க வேறயா டீச்சர்?” என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு தமிழாசிரியை, தவளக்குப்பம், புதுச்சேரி

பதில்: கம்ப்யூட்டர் அறைச் சாவியை இப்போதைக்குக் கேட்காதீர்கள். முதல் மாதத்துக்குச் சார்ட் பேப்பரும் பசையும் போதும்.

உங்கள் பிள்ளைகள் நோட்ஸைப் பார்த்து எழுதுவதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கட்டுரையை நீங்கள் ஒருவர்தான் படிக்கப் போகிறீர்கள். அதுவும் மார்க் போட. முன்னுரை, முடிவுரை, நடுவில் நாலு உள்தலைப்பு இருந்தால் கதை முடிந்தது. “எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர்” என்று எழுதுகிற பிள்ளை, இடைவேளையில் பக்கத்துப் பெஞ்சுக்காரனிடம் நேற்று கடலூர் ரோட்டில் பஸ்சுக்குள் ஏறிய ஆட்டுக்குட்டியைப் பற்றி அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டுக்குட்டிதான் உங்களுக்கு வேண்டிய பதிவு. பத்து வரி போதும். எழுதியதைச் சுவரில் ஒட்டுங்கள். படித்தவர்கள் கீழே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டட்டும். ஒரே ஒரு விதி: ‘சூப்பர்’, ‘நல்லா இருக்கு’ என்று எழுதினால் செல்லாது. சீட்டில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். “தாத்தா வலை பின்னுவார்” என்று எழுதிய பெண்ணிடம் “எந்த நூல்ல? ஒரு வலைக்கு எத்தனை நாள் ஆகும்?” என்று நாலு பேர் கேட்டால், அவள் வீட்டுக்குப் போய்த் தாத்தாவைக் குடைவாள். நீங்கள் சிவப்பு மையில் ‘விரிவாக எழுது’ என்று எழுதியபோது அவள் அதைச் செய்திருக்க மாட்டாள்.

இது புது யோசனை இல்லை. செலஸ்தேன் ஃபிரனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். வகுப்பில் நெடுநேரம் பேச முடியாது. 1924 வாக்கில் ஒரு சின்ன அச்சுப்பொறியை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அதைத் தொலைவில், பிரான்சின் பிரிட்டனிக் கடலோரத்துப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் பதிலுக்கு வந்தது. ஃபிரனேயின் மலையூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கடலோர வாழ்க்கை தெரிந்தது அப்படித்தான். உங்களுக்கும் ஒரு ஜோடிப் பள்ளி வேண்டும். காரைக்காலில் ஒன்றைப் பிடியுங்கள். ஒரே யூனியன் பிரதேசம்தான், ஆனால் நடுவில் தமிழ்நாடு கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் பக்கத்து நல்லவாடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உங்கள் பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும்.

நல்லவாட்டிலேயே ஒரு பெரிய கதை கிடக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் அங்கே இருந்தது. அலை எவ்வளவு உயரம் என்று மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, அதே ஒலிபெருக்கியில் சொல்லி ஊரைக் கிளப்பினார்கள். அன்று ஓடியவர்கள் இன்றைக்கு உங்கள் மாணவர்களின் பாட்டிகளாக இருக்கலாம். காதில் விழுந்தது என்ன, கையில் எதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த நோட்ஸிலும் கிடைக்காது.

சுவர் நிறைந்த பிறகு வலைப்பூவுக்கு வாருங்கள். பெற்றோர் பயப்படுவது நியாயம். தாங்களாகவே கூகுள் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆக வேண்டும், உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆகியிருக்காது. ஆகவே பிள்ளைக்குக் கணக்கே வேண்டாம். வகுப்புக்கு ஒரே வலைப்பூ, சாவி உங்களிடம். பிளாகரில் அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி வைக்கலாம், பின்னூட்டத்தை நீங்கள் பார்த்த பிறகே வெளியிடலாம். முகம் தெரியும் போட்டோ, முழுப் பெயர், தெருப் பெயர் கூடாது. புனைபெயர் வைக்கச் சொல்லுங்கள், அதற்கே ஒரு பீரியட் போய்விடும், போகட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். அ, ம, ம, ஆ என்று நாலு தட்டில் ‘அம்மா’ வந்துவிடும், புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

கடைசியாக ஒன்று. 2012-இல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, பள்ளியில் போட்ட மதிய உணவைத் தினமும் படம் எடுத்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வலைப்பூவில் எழுதினாள். உள்ளாட்சி நிர்வாகம் படம் எடுக்கத் தடை போட்டது. ஊர் உலகம் பொங்கியதும் மறுநாளே தடையை விலக்கியது. உங்கள் தலைமையாசிரியரிடம் இந்தக் கதையை இப்போதே சொல்லி வையுங்கள். சாம்பாரைப் பற்றி ஒரு பதிவு எப்படியும் வரும்.